ஆச்சியின் 53 மணி மாலை

ஓலைக் கொட்டானை ஒரு வெள்ளைத் துணியின் மேல் கவிழ்த்தேன். ஏழு துண்டுகளும் நாலு உதிரி மணிகளும் விழுந்தன. ஆச்சியின் செபமாலையில் மிஞ்சியிருந்தது அவ்வளவுதான்.

அடக்கத்தன்று ஆச்சியின் விரல்களில் சுற்றிவைத்தது புது மாலை. பழசைத்தான் வைக்க வேண்டும் என்று அம்மா தேடி எடுத்தாள். ஆனால் துண்டு துண்டாகக் கிடப்பதை எப்படிச் சுற்றுவது? கோவில் மணி அடித்துவிட்டார்கள், சாமியார் வந்துவிட்டார், உட்கார்ந்து கோக்க நேரம் இல்லை. சித்தி கடைக்கு ஓடிப்போய்ப் புதுசு ஒன்று வாங்கி வந்தாள். "அவ கை அறியாத மாலையக் குடுத்து அனுப்பிட்டோமே" என்று அம்மா ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சோறு வடிக்கும்போது சொல்வாள், துணி மடிக்கும்போது சொல்வாள்.

அதனால்தான் இந்த வேலை. போன அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கினேன். நவம்பர் 2 கல்லறைத் திருநாள்; அதற்குள் மாலையை முழுசாகக் கோத்து அம்மா கையில் கொடுத்துவிட வேண்டும் என்று கெடு வைத்துக்கொண்டேன். அக்டோபர் செபமாலை மாதம் என்பதும் மனதில் இருந்தது.

முதலில் எண்ணினேன். பதக்கத்திலிருந்து கிளம்பி மறுபடி பதக்கத்துக்கே வரும் சுற்றில் பத்துப் பத்தாக ஐம்பது சின்ன மணிகள். ஒவ்வொரு பத்துக்கும் நடுவில் ஒரு பெரிய மணி, அது நாலு. பதக்கத்துக்குக் கீழே தொங்கும் வாலில் ஒரு பெரிசு, மூன்று சின்னது, மறுபடி ஒரு பெரிசு, கடைசியில் பாடுபட்ட சுரூபம், அதாவது ஆண்டவர் தொங்கும் சிலுவை. ஆக சின்னது 53, பெரிசு 6, மொத்தம் 59. சின்ன மணிக்கு மங்கள வார்த்தை செபம், பெரிய மணிக்குப் பரலோக மந்திரம். பெரிய மணிகளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எங்கள் பக்கம் '53 மணி சொல்லியாச்சா' என்றுதான் கேட்பார்கள். வாலை ஒரு முறையும் சுற்றை மூன்று முறையும் சொன்னால் அது 153 மணி.

என் துணியில் சின்ன மணி 52 தான் இருந்தது. இரண்டு முறை எண்ணினேன், 52 தான். ஒரு துண்டில் ஒன்பது மணிகள். பத்தாவது மணி இருக்க வேண்டிய இடத்தில் தங்கூஸில், அதாவது நைலான் நரம்பில், போட்ட ஒரு முடிச்சு. ஒரு முடிச்சு என்று சொல்வது சரியில்லை. முடிச்சின் மேல் முடிச்சாக ஏழெட்டு முறை போட்டு, கிட்டத்தட்ட மிளகு அளவுக்குத் திரட்டியிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் விரல் அங்கே நிற்கும்.

எந்தத் துண்டு எந்த இடத்தில் இருந்தது என்பது அடுத்த கேள்வி. சும்மா ஐந்து பத்துகளையும் எப்படியாவது சேர்த்துவிட்டால் செபமாலை ஆகிவிடும்தான். எனக்கு அது போதாது. அவள் விரல் போன வரிசையிலேயே இருக்க வேண்டும்.

தூத்துக்குடியில் மாமாவுக்கு மோட்டார் வைண்டிங் கடை. அங்கே மில்லிமீட்டரின் பின்னம் வரை அளக்கும் வெர்னியர் கருவி ஒன்று இருக்கிறது. துண்டுகளை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு மணியாக அளந்தேன். கருப்பு மர மணிகள். துளை ஓடும் திசையில் எல்லா மணியும் 7 மில்லிமீட்டர். அந்தப் பக்கம் விரல் படாது, தேய்மானமும் இல்லை. குறுக்கில் அளந்தால்தான் விஷயம் தெரிந்தது. ஒரு துண்டில் இருந்த பத்து மணிகளும் 6 மில்லிமீட்டருக்கு இறங்கியிருந்தன. வேறு இரண்டில் 6.3, 6.4. முடிச்சு இருந்த துண்டும் இன்னொன்றும் 6.6-க்கு மேல். மணி என்று சொன்னாலும் அந்த முதல் துண்டில் இருந்தவை உருண்டையாகவே இல்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்கிற இரண்டு பக்கமும் தட்டையாகி, புளியங்கொட்டை மாதிரி வழவழ என்று இருந்தன.

ஏன் ஒரு பத்து மட்டும் இப்படித் தேய வேண்டும்? அம்மாவிடம் போனில் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "முதப் பத்தாத்தான் இருக்கும். கடைசி காலத்துல அவளுக்கு மூணாம் பத்து வாரதுக்குள்ள கண்ணு சொக்கிரும். முழிச்சதும் விட்ட எடத்துல புடிக்க மாட்டா. மாதாகிட்ட பாதிப் பேச்சு பேசிட்டு தூங்குனா மரியாதையான்னு, மொதல்ல இருந்து ஆரம்பிப்பா."

வரிசை அப்படித்தான் கிடைத்தது. அதிகம் தேய்ந்தது முதல் பத்து, அடுத்தவை இரண்டும் மூன்றும். கடைசி இரண்டில் எது நாலு, எது ஐந்து என்பதை வெர்னியர் சொல்லவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மயிரிழைகூட இல்லை. மாமாதான் சொன்னார். பட்டறை மேசைக்கு அந்தப் பக்கம் ஆர்மேச்சர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், நிமிராமலே, "முடிச்சு உள்ளது நாலாம் பத்து" என்றார். எப்படித் தெரியும் மாமா என்றேன். தெரியும் என்றார். அவ்வளவுதான் பேச்சு.

ஆச்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறேன்.

உடன்குடிப் பக்கம் தேரிக்காடு. செம்மண் அல்ல, செம்மணல். கால் வைத்தால் கணுக்கால் வரை புதையும். அந்த மணலில் பனை தவிர எதுவும் அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை. தாத்தா பனையேறி. பதநீர்க் காலத்தில் காலையும் மாலையும் ஏறுவார். பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குவார். இறக்கி வந்த பதநீரை விடிலியில், அதாவது கருப்பட்டி காய்ச்சும் குடிசையில், காய்ச்சுவது ஆச்சியின் வேலை. பொங்கி வழிந்தால் ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவாள், நுரை அடங்கிவிடும். பாகு கூடுகிற நேரத்தில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பாள். பதம் வந்தால் சிரட்டைகளில் ஊற்றிக் கருப்பட்டி. கடிகாரம் கிடையாது. "ரெண்டு பத்து மணி சொல்லிட்டு மூடியத் தொற" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தண்ணீருக்குப் போவாளாம். அம்மாவும் சித்தியும் செபம் படித்தது கோவிலில் அல்ல, கருப்பட்டி அடுப்பில்தான்.

தாத்தா மரத்தில் இருக்கும் நேரமெல்லாம் ஆச்சியின் கையில் மாலை இருக்கும். ஒரு மரத்துக்கு ஒரு மணி. அவர் அந்த மரத்திலிருந்து இறங்கிக் காலை மணலில் ஊன்றும் சத்தம் கேட்டால்தான் அடுத்த மணிக்கு விரல் நகரும். பக்கத்து மரம் என்றால் சத்தம் கேட்கும். தூரத்து மரங்களுக்கு? "கேக்கும்ல எனக்கு" என்பாள். ஒரு முறைகூடத் தாத்தா விழுந்ததில்லை. எழுபது வயதில் கட்டிலில்தான் கண்ணை மூடினார். மரங்களின் கணக்கை மாதா பார்த்துக்கொண்டாள் என்பதில் ஆச்சிக்குக் கடைசி வரை சந்தேகமே இருந்ததில்லை. எனக்கும் இல்லை.

எழுதப் படிக்கத் தெரியாதவள். எல்லாம் காதால் படித்த செபம். நாங்கள் 'அருள் நிறைந்த மரியே வாழ்க' என்று சொல்லும்போது அவள் மட்டும் சின்ன வயதில் படித்த 'பிரிய தத்தத்தினாலே பூரண மரியாயே' என்றுதான் தொடங்குவாள். எங்கள் வார்த்தைகளும் அவள் வார்த்தைகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஓடி, கடைசியில் ஆமெனில் ஒன்றாக வந்து சேரும். அதற்காகப் புதுசு எதுவும் படிக்க மாட்டாள் என்று நினைக்க வேண்டாம். பத்துக்கு ஒன்றாகத் தியானிக்கும் நிகழ்வுகளை மறையுண்மை என்பார்கள். 2002-இல் போப் இரண்டாம் ஜான் பால் ஒளியின் மறையுண்மைகள் ஐந்தைச் சேர்த்து வியாழக்கிழமைக்கு என்று வைத்தபோது ஆச்சிக்கு அறுபது வயது. அந்த ஐந்தையும் அம்மாவை வாசிக்கச் சொல்லி, ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்தாள்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

துடைப்பதில் இரண்டு நாள் போனது. மரமணியை ஊறவைக்கக் கூடாது. ஊதி, காய்ந்து, வெடிக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை வெந்நீரில் நனைத்து உதறிவிட்டு ஒவ்வொரு மணியாகத் தேய்த்து, உடனே துணியால் ஒற்றினேன். வளையங்களின் இடுக்கில் வெள்ளையாக ஏதோ இருந்தது. உப்போ, பூஞ்சையோ என்று நினைத்தேன். ஈர்க்குச்சியால் கிளறினால் உருண்டு வந்தது. மெழுகு. மணப்பாட்டுத் திருச்சிலுவைத் திருநாளுக்குச் செப்டம்பர் 14 அன்று மணல்மேட்டு ஏற்றத்தில் ஏறும்போது ஆச்சி ஒரே கையில் மெழுகுவத்தியையும் மாலையையும் சேர்த்துப் பிடித்திருப்பாள். இன்னொரு கை எங்களில் யாரையாவது பிடித்திருக்கும். அந்த மேட்டில் கடல் காற்று சுழன்று அடிக்கும். மெழுகு நேராக வடியாது. எடுத்த மெழுகு ஒரு அரிசி அளவுகூட இல்லை. அதைத் தூரப் போடவில்லை, ஒரு காகிதத்தில் மடித்து வைத்தேன்.

உலோகத்தைப் பளபளப்பாக்கவில்லை. பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்ப்பது நம் பழக்கம், ஆனால் புளித்தண்ணீர் மர மணியின் துளைக்குள் போனால் கெட்டுவிடும். தவிர, சுரூபத்தில் இருந்த தேய்மானம் அழுக்கு அல்ல. ஆண்டவரின் முகம் கிட்டத்தட்ட வழித்துவிட்ட மாதிரி இருந்தது. பாதங்கள் இன்னும் மோசம். விரல்கள், ஆணி எல்லாம் போய் ஒரு சின்ன மேடு மட்டும் மிச்சம். ஆச்சி முத்தி செய்வது, அதாவது முத்தமிடுவது, எப்போதும் பாதத்தில்தான். முதுகுப் பக்கம் இருந்த பச்சைக் களிம்பை மட்டும் ஈர்க்குச்சியால் சுரண்டி எடுத்தேன்.

துடைத்து முடித்த பிறகுதான் அவள் செய்த பழைய ரிப்பேர்கள் கண்ணில் பட்டன. எனக்கு முன்னால் இந்த மாலையைப் பழுது பார்த்தவள் அவளேதான். கையில் என்ன கிடைத்ததோ அதை வைத்துச் செய்திருக்கிறாள்.

இரண்டாம் பத்தில் ஒரு வளையத்துக்குப் பதில் பனை நார். நாலு சுற்றுச் சுற்றி, முனையை உள்ளே செருகி, பெட்டி முடையும்போது விளிம்பு கட்டுவார்களே, அந்த மாதிரிக் கட்டு. அது இன்னும் இறுக்கமாகவே இருந்தது. மூன்றாம் பத்தில் செம்புக் கம்பி. மாமா வைண்டிங் வேலை படிக்கப் போன காலத்தில் வீட்டில் கிடந்த துண்டாக இருக்கும். ஐந்தாம் பத்தில் நீல நூல், அதன் மேல் மெழுகு தேய்த்திருந்தது. சுரூபம் தொங்கும் இடத்தில் ஒரு ஊக்கு.

அந்த ஊக்கு மாட்டிய நாள் எனக்குத் தெரியும், நான் கூட இருந்தேன். 2013, ஆகஸ்ட் 5. தூத்துக்குடி பனிமய மாதா கோவில் கட்டி 300 வருஷம் என்று அந்த வருஷம் தங்கத்தேர் ஓடியது. ஆச்சி கோவிலை 'தஸ்நேவிஸ் மாதா கோவில்' என்றுதான் சொல்வாள். ஜூலை 26 கொடியேற்றத்துக்கே ஊரிலிருந்து வந்து மாமா வீட்டில் தங்கிவிட்டாள். தேரோட்டத்தன்று அந்தக் கூட்டத்தில் வடத்தைத் தொட்டுவிட வேண்டும் என்று முண்டியபோது யார் முழங்கையிலோ மாட்டிச் சுரூபம் அறுந்து விழுந்தது. நான் குனிந்து கால்களுக்கு நடுவில் தேடி எடுத்தேன். ஆச்சி அங்கேயே நின்று, தாலிச் சங்கிலியில் கிடந்த ஊக்கைக் கழற்றி, சுரூபத்தை மாட்டி, வாயில் வைத்து முத்தி செய்துவிட்டு, விட்ட மணியிலிருந்து தொடர்ந்தாள். தேர் நகர்ந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு வளையம் வாங்கிப் போட்டிருக்கலாம். பத்து வருஷமும் அந்த ஊக்குதான்.

இவற்றைக் கழற்றுவதா வேண்டாமா என்று மூன்று நாள் வேலையே ஓடவில்லை. கடைசியில் இப்படி முடிவு செய்தேன்: அவள் கட்டியது எடை தாங்கினால் அப்படியே இருக்கும். தாங்காததை மட்டும் மாற்றுவேன். ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் நிதானமாக இழுத்துப் பார்த்தேன். பனை நார் நின்றது, செம்புக் கம்பி நின்றது, ஊக்கும் நின்றது. நீல நூல் மட்டும் இற்றுப்போய்க் கையோடு வந்துவிட்டது.

அப்புறம் நான் செய்த தவறு.

மாலையில் ஒவ்வொரு மணிக்கும் தனித்தனிக் கம்பி. மணித் துளைக்குள் ஓடி, இரண்டு முனையிலும் கண் மாதிரி வளைந்திருக்கும். கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவில் சின்ன வளையங்கள். அறுந்த இடங்களில் பார்த்தால், வளையமும் கண்ணும் உரசி உரசிக் கம்பி பாதியாக மெலிந்திருந்தது. 31 மணிகளுக்குக் கம்பி மாற்ற வேண்டியிருந்தது. முதலில் மாமா கடையிலிருந்து செம்புக் கம்பித் துண்டு எடுத்து எனாமலைச் சுரண்டிவிட்டுப் போட்டுப் பார்த்தேன். வளைக்கச் சுகமாக இருந்தது, இழுத்தால் கண் திறந்துகொண்டது. ஆச்சி போட்ட செம்பு நின்றதே என்று பார்த்தேன். அவள் அதை மூன்று சுற்றாக இறுக்கி முறுக்கியிருந்தாள், நான் ஒற்றை வளைவோடு விட்டிருந்தேன்.

கவரிங் நகைச் சாமான் விற்கும் கடையில் விறைப்பான பித்தளைக் கம்பி வாங்கினேன், 0.8 மில்லிமீட்டர். கனமாக இருந்தால் பலம் என்பது என் கணக்கு. அது துளைக்குள் போகவில்லை. துளையைக் கொஞ்சம் பெரிசாக்கலாம் என்று கை ட்ரில்லில் சின்ன பிட்டை மாட்டி ஒரு மணியில் வைத்துத் திருப்பினேன். மூன்றாவது திருப்பில் 'டிக்' என்று ஒரு சத்தம். மணி இரண்டாகப் பிளந்துவிட்டது. முதல் பத்தின் மணி. அதிகம் தேய்ந்த, அவள் விரல் அதிகம் பட்ட மணிகளில் ஒன்று.

அன்றைக்கு அதற்கு மேல் எதையும் தொடவில்லை. இரண்டு பாதிகளையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே மரம் இளம் பழுப்பாக, நேற்று வெட்டியதைப் போல் இருந்தது. கருப்பெல்லாம் மேல்தோல் அளவுக்குத்தான்.

மறுநாள் ஃபெவிகால் தொட்டு, பாதிகளைச் சேர்த்து, தையல் நூலால் இறுகச் சுற்றி ஒரு முழு நாள் விட்டேன். ஒட்டும் முன் துளைக்குள் எண்ணெய் தடவிய ஊசியைச் செருகிவைத்தேன். இல்லாவிட்டால் பசை துளையை அடைத்திருக்கும். நூலைப் பிரித்தபோது மணி முழுசாக இருந்தது. கோடு தெரிகிறது, ஆனால் நகத்துக்குத் தட்டுப்படவில்லை.

பழைய மரத்தில் துளை போடும் எண்ணத்தை விட்டுவிட்டு, கம்பியின் கனத்தைக் குறைத்தேன். 0.6 மில்லிமீட்டர், அதே விறைப்பான பித்தளை. மெல்லிய கம்பிக்கு ஒற்றை வளைவுக் கண் போதாது, இழுத்தால் திறக்கும். அதனால் சுற்றுக் கண். இதை யாராவது செய்து பார்க்க விரும்பினால்: ஐந்தரை சென்டிமீட்டர் கம்பியை வெட்டிக்கொள்ள வேண்டும். ஒரு முனையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி மடக்கி, உருண்டை மூக்குக் குறட்டில் ஒரு வளையம் வளைத்து, மிச்ச வாலை வளையத்தின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். சுற்றுகள் ஒன்றை ஒன்று தொட்டு உட்கார வேண்டும். மிஞ்சிய முனையை ஒட்ட வெட்டி, சாவணத்தால் அழுத்திவிட வேண்டும். பிறகு மணியைக் கோத்து, மறுபக்கமும் அதே மாதிரி. இரண்டாவது கண்ணை மூடும் முன் அடுத்த வளையத்தை மாட்டிவிட வேண்டும். சுற்றி முடித்த பின் மாட்ட வழியில்லை. எனக்கு இரண்டு கம்பி அப்படி வீணானது. நடு வளையங்களைத் திறக்கும்போது இரண்டு பக்கமும் அகட்டக் கூடாது. ஒரு முனையை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் திருகினால், மூடும்போது வட்டம் கெடாது.

செபம் சொல்கிற விரலை எந்த முனையும் குத்தக் கூடாது. ஆச்சியின் பழைய நூல் சேலை ஒன்று அம்மாவிடம் இருக்கிறது. ஒவ்வொரு பத்து முடிந்ததும் அதை அந்தச் சேலையின் மேல் இரண்டு பக்கமும் இழுத்துப் பார்ப்பேன். இழை மாட்டினால் அந்தக் கண்ணை அரத்தால் ஒரு தட்டுத் தட்டி மறுபடி இழுப்பேன். ஒரு நாளைக்கு நாலைந்து கம்பிக்கு மேல் முடியவில்லை. இரவில் டேபிள் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். கை பழகியதும், ஒரு கம்பி முடிக்கும் நேரத்தில் மூன்று மங்கள வார்த்தை ஓடுவதைக் கவனித்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை, வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அவளுடைய பழைய வார்த்தைகளில்.

நாலாம் பத்துதான் மிச்சம். தங்கூஸ் மஞ்சளாகி நொறுங்கும் பதத்தில் இருந்தது. அது எடை தாங்காது. மாதா கோவில் பக்கத்துக் கடை ஒன்றில் அதே அளவில் கருப்பு மரமணி மாலை கிடைத்தது. அதிலிருந்து ஒரு மணியைக் கழற்றிக்கொண்டு, நடு வளையங்கள் கொஞ்சம் கேட்பதற்காக மாமா கடைக்குப் போனேன்.

மணியைப் பார்த்ததும் என்னது என்றார். நாலாம் பத்தில் ஒன்று குறைகிறதே, அதற்கு என்றேன். மாமா கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். கடைப் பையனை டீ வாங்க அனுப்பினார். பையன் போன பிறகுதான் பேசினார்.

"அந்த மணிய எடுத்தது நாந்தான், மருமவனே."

எட்டு வயதாம். கவட்டைக்கு நல்ல உருண்டைக் கல் தேரியில் கிடைக்காது, எல்லாம் மணல். கட்டிலில் கிடந்த மாலையிலிருந்து ஒரு மணியைப் பிய்த்து, பனை மட்டையில் உட்கார்ந்திருந்த ஓணானைக் குறிவைத்து அடித்திருக்கிறார். ஓணான் மேல் படவில்லை. மணி மணலில் எங்கோ போய்விட்டது. இருட்டும் வரை மணலைச் சல்லடையாகத் தேடியும் கிடைக்கவில்லை. அன்று ராத்திரி செபம் சொல்ல உட்கார்ந்தபோது ஆச்சி மாலையை எடுத்தாள். விரல் நாலாம் பத்தின் கடைசியில் நின்றது. யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அந்த இடத்தில் முடிச்சு இருந்தது.

"அதுக்குப் பொறவு தெனமும் நாலாம் பத்து எனக்குத்தான். ஒங்க அம்மைக்கு ரெண்டு, சித்திக்கு மூணு, எனக்கு நாலு. மாத்தவே மாட்டா. மொத நாலு வருசம் அந்த முடிச்சு வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். பாவசங்கீர்த்தனத்துல சாமியார்ட்ட சொன்னேன். அவகிட்ட சொல்லல."

"ஆச்சிக்குத் தெரியுமா மாமா?"

"யாருக்குத் தெரியும். கேட்டுருக்கலாம். கேக்கல."

டீ வந்தது. குடித்தோம். பிறகு மாமா மேசை இழுப்பறையைத் திறந்து, புதுத் தங்கூஸ் சுருள் ஒன்றை எடுத்து வைத்தார். மணியை என் பக்கம் தள்ளிவிட்டார். "இது வேண்டாம். முடிச்சு நான் போடுதேன்."

நாற்பது வருஷம் மோட்டார் கம்பி சுற்றிய கை அவருடையது. அந்தச் சின்ன முடிச்சைப் போட அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். பழைய முடிச்சைப் பக்கத்தில் வைத்து, எத்தனை சுற்று, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று லென்ஸ் வைத்துப் பார்த்துப் பார்த்துப் போட்டார். முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் உருட்டிப் பார்த்தார். "கொஞ்சம் சின்னதாப் போச்சு" என்று பிரித்துவிட்டு மறுபடி போட்டார்.

பெரிய மணிகள் நாலையும் அவற்றின் இடத்தில் சேர்த்ததும் மாலை முழுசானது. மாதா முகம் நம்மைப் பார்க்கப் பதக்கத்தைப் பிடித்தால் முதல் பத்து எந்தப் பக்கம் என்று அம்மாவைக் கேட்டு, அவள் சொன்ன வலது பக்கமே வைத்தேன். மறுபடி மந்திரிக்க வேண்டுமா என்று பங்குச் சாமியாரைக் கேட்டோம். மாலை அதே மாலைதான், கம்பியை மாற்றினால் மந்திரித்தது போய்விடாது, தேவையில்லை என்றார். கழற்றிய பழைய கம்பிகளையும் நூலையும் குப்பையில் மட்டும் போட வேண்டாம், மண்ணில் புதைத்துவிடுங்கள் என்றார்.

நவம்பர் 2 அன்று ஊருக்குப் போனோம். கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றினோம். தலைமாட்டில் கையால் ஒரு முழம் மணலைப் பறித்து, 31 பழைய கம்பிகள், நீல நூல், பழைய முடிச்சு, காகிதத்தில் மடித்து வைத்திருந்த மெழுகு எல்லாவற்றையும் போட்டு மூடினேன். அம்மா மாலையை வாங்கி முதல் பத்தை விரலால் தடவினாள். எங்கே ஒட்டியிருக்கிறது என்று கேட்டாள். ஏழாவது மணி என்றேன். தேடிப் பிடித்துத் தடவி, தலையசைத்தாள். செபத்தை அவள்தான் தொடங்கினாள். இரண்டு அவள், மூன்று சித்தி. நாலாம் பத்துக்கு மாலை கை மாறியது. மாமா நன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். முடிச்சு வந்தபோது குரல் கொஞ்சம் இறங்கியது, நிற்கவில்லை.

கழற்றி வாங்கி வந்த அந்த ஒரு மணி கொட்டானில்தான் கிடக்கிறது. மாலை அம்மாவின் தலையணைக்குக் கீழே.

போன வாரம் வீட்டுக்குப் போனபோது மாலையைச் சரிபார்க்கலாம் என்று எடுத்தேன். ஐந்தாம் பத்தில், நீல நூல் இருந்த இடத்தில் நான் போட்ட வளையம் திறந்து எங்கோ விழுந்துவிட்டிருந்தது. சரியாக மூடாமல் விட்டிருக்கிறேன். பையில் குறடும் வளையங்களும் இருந்தன, ஐந்து நிமிஷ வேலை. ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு ஊக்கு மாட்டியிருந்தது. அம்மாவின் தாலிச் சங்கிலியைப் பார்த்தேன், அதில் கிடந்த இரண்டு ஊக்குகளில் ஒன்றைக் காணோம். குறட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, மாலையைத் தலையணைக்குக் கீழேயே வைத்துவிட்டு வந்தேன்.